நெஞ்சில் பாரம்: ஓட வேண்டிய நேரமும் யோசிக்க வேண்டிய நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பு பற்றிய செய்திகளும் இருதயப் பரிசோதனை விளம்பரங்களும் தங்கள் நாளேட்டில் அடிக்கடி வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது. நம் மக்கள் ஓட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து விடுகிறார்கள். உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரத்தில் ஓடுகிறார்கள். மாரடைப்பு வந்த இரவில் ‘கேஸ்ட்ரிக்’ மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருப்பவர்கள், நடந்தால் மட்டும் நெஞ்சு இறுக்கிப்பிடிக்கும் பழைய அடைப்புக்கு நகையை அடகு வைத்து ‘நாளைக்கே ஸ்டென்ட்’ (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) என்று நிற்கிறார்கள். இந்த இரண்டைப் பற்றியும் கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சி தெளிவாகப் பேசியிருக்கிறது. அது தமிழில் வந்து சேரவில்லை என்பதே எங்கள் ஆதங்கம்.

நமக்கு இது ஏன் கூடுதல் கவலை? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளில், தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் 31.4. நீரிழிவு நீண்ட நாள் இருந்தால் நரம்புகள் மரத்துப்போய், மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை, திடீர்ச் சோர்வு, வாந்தி ஆகியவற்றோடு நின்றுவிடும். பெண்களிடமும் இப்படி வருவதுண்டு.

இங்கே மொழி குறுக்கே நிற்பதையும் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் ‘நெஞ்சு வலி இருக்கா?’ என்று கேட்டால் நம்மவர் பலர் ‘இல்லை’ என்பார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு இருப்பது வலி அல்ல, பாரம். ‘யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி’, ‘அமுக்குது’, ‘கரிக்குது’, ‘அடைக்குது’ என்பார்கள். கூட வந்த பிள்ளை அதை மலாயில் ‘கேஸ்ட்ரிக், காற்று’ என்று மொழிபெயர்க்கும்போது நோயாளி வரிசையின் பின்னால் போய்விடுகிறார். இருதயத்துக்கு இரத்தம் போதாதபோது வரும் உணர்வு நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பாரமாக வரும். தாடை, தோள், இடது கை, மேல்வயிறு என்று பரவும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, குத்துகிற, திரும்பினால் கூடுகிற வலி பெரும்பாலும் இதுவாக இருக்காது. ஆகவே ‘வலி’ என்ற ஒரு சொல்லோடு நிற்காமல், எங்கே, எப்படி, எத்தனை நிமிடமாக, வியர்த்ததா என்பதை அப்படியே சொல்லுங்கள். தெரிந்த தமிழில் சொன்னாலும் போதும். அங்கே தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவ உதவியாளரோ இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

சும்மா இருக்கும்போதே இந்தப் பாரம் வந்து 10, 15 நிமிடம் ஆகியும் விடவில்லை என்றால் அவசர எண் 999ஐ அழையுங்கள். மகன் வேலையிலிருந்து வரட்டும், பக்கத்துக் கிளினிக் திறக்கட்டும் என்று இருக்கக் கூடாது. சொந்தக் காரை நோயாளியே ஓட்டிக்கொண்டு போவது எல்லாவற்றையும்விட மோசம். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அடைப்பு நேரடியாக அல்ல, இருதயத் துடிப்பு தாறுமாறாகிப் போவது. அதை மின்னதிர்ச்சி கொடுத்துத்தான் நிறுத்த முடியும். அந்தக் கருவி ஆம்புலன்ஸில் இருக்கும், காரில் இருக்காது.

வீட்டில் இருக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அஸ்பிரின் ஒவ்வாமையோ இரைப்பையில் இரத்தக் கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கலாம். பல வீடுகளில் இருக்கும் கார்டிப்ரின் 100 மில்லிகிராம் மாத்திரை என்றால் மூன்று. பல்லால் மெல்ல வேண்டும், அப்படியே முழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். இரத்தக்குழாயைத் தளர்த்த நாக்குக்கடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரை ஏற்கெனவே மருத்துவர் கொடுத்திருந்தால், உட்கார்ந்துகொண்டு ஒன்று வையுங்கள். நின்றபடி வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 999 அழைக்கத் தயங்கக் கூடாது. கடந்த இரண்டு நாளுக்குள் வயாகரா வகை மாத்திரை எடுத்தவருக்கு ஜிடிஎன் ஆகவே ஆகாது; கூச்சப்படாமல் அதைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரை காற்றில் ஆவியாகிச் சக்தி இழக்கும் தன்மையுடையது. மருந்துக் கடை கொடுத்த பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் டப்பாவில் மற்ற மாத்திரைகளோடு கலந்து வைத்தால், தேவைப்படும் நேரத்தில் வெறும் மாவுதான். புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, எட்டு வாரத்தில் புதிது வாங்குங்கள்.

மருத்துவமனைக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி (இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் பரிசோதனை) எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி. இந்தச் சாதாரணப் பரிசோதனைதான் அதிகம் கெட்டுப்போகிறது. நெஞ்சில் ஒட்டும் ஆறு மின்முனைகளுக்கும் இடம் உண்டு. முதல் இரண்டும் மார்பெலும்பின் வலது, இடது ஓரத்தில் நான்காவது விலா இடைவெளியில். நான்காவது, இடது காரையெலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக ஐந்தாவது இடைவெளியில். மூன்றாவது இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே. ஐந்தும் ஆறும் நான்காவதன் அதே மட்டத்தில் அக்குளை நோக்கி. அவசரத்தில் விலாவை எண்ணாமல் ஒட்டினால் முதல் இரண்டும் மேலே ஏறிவிடும். அப்போது இல்லாத பழைய மாரடைப்பு காகிதத்தில் தெரியலாம். வலது கைக் கம்பியும் இடது கைக் கம்பியும் மாறினால் முதல் லீட் (இசிஜி வரையும் பன்னிரண்டு கோடுகளில் ஒன்று) முழுவதும் தலைகீழாகும். வியர்வையைத் துடைக்காமல் ஒட்டினால் கோடு அலையும். பெண்களுக்கு மார்பின் அடியில் ஒட்ட வேண்டியதைக் கூச்சத்தால் மேலே ஒட்டுவதும் நடக்கிறது. இசிஜி எடுக்கும் பெண்களையும் ஆண்களையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. திரை போட்டு, அரை நிமிடம் கூடுதலாகக் கொடுத்தாலே சரியாக வரும் வேலை இது.

இசிஜி சரியாக எடுக்கப்பட்டு ‘நார்மல்’ என்று வந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இருதயத்தின் பின்சுவரில் அடைப்பு என்றால் வழக்கமான பன்னிரண்டு லீடுகளில் நேரடியாகத் தெரியாது. முதுகுப் பக்கம் மூன்று மின்முனை ஒட்டிப் பார்க்க வேண்டும். கீழ்ச்சுவர் என்றால் வலது பக்கமும் எடுக்க வேண்டும், ஏனெனில் வலது கீழறை பாதிக்கப்பட்டவருக்கு ஜிடிஎன் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். பாரம் தொடர்ந்தால் 15, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும்.

அதேபோலத்தான் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும். இருதயத் தசை சேதமானால் இந்தப் புரதம் இரத்தத்தில் கசியும். வலி தொடங்கிய அரை மணியில் எடுத்த ஒரே ஒரு முடிவு குறைவாக இருந்தால் அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது முறை எடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு எண் எப்போதுமே சற்று உயர்ந்திருக்கலாம். அங்கும் ஏற்ற இறக்கம்தான் பேசும். ‘இரத்தம் எடுத்தாச்சு, ஒன்னும் இல்லையாம், ஏன் உட்கார வச்சிருக்காங்க’ என்று கோபப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் அந்த இரண்டாவது எண்ணைத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இசிஜி கோட்டில் எஸ்டி எனப்படும் பகுதி உயர்ந்து குழாய் முழுதாக அடைத்திருக்கிறது என்று தெரிந்தால், அடைப்பைத் திறப்பது ஒன்றே வைத்தியம். பலூனும் ஸ்டென்டும் வைத்துத் திறப்பது சிறந்தது; வந்து சேர்ந்த 90 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். பினாங்கில், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தை மறக்க முடியாது. பெருநிலத்தில் உள்ள நிபோங் தெபாலில் இரவு உணவுக்குப் பின் நெஞ்சு அடைக்கும் ஒருவரை பலூன் வசதியுள்ள இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் நேரம் ஓடிவிடலாம். அப்போது குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உடனே போட்டுவிட்டு, பிறகு அனுப்புவது தாழ்ந்த வைத்தியம் அல்ல. 1892 பேரிடம் நடந்த ஸ்ட்ரீம் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பலூன் கிடைக்காதவர்களுக்கு முதலில் டெனெக்டிபிளேஸ் ஊசி போட்டு, பிறகு ஆஞ்சியோ (சாயம் செலுத்தி எடுக்கும் இரத்தக்குழாய்ப் படம்) செய்ததில் 30 நாள் முடிவுகள் நேரடி பலூனுக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தன. மூளையில் இரத்தக் கசிவு சற்றுக் கூடியதால் 75 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆய்வின் நடுவிலேயே அளவைப் பாதியாக்கினார்கள். ‘சின்ன ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ஏமாத்துறாங்க’ என்று சண்டை போட்டு நேரத்தைக் கழிக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊசியின் கதை 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் உறுதியானது. மாரடைப்பு சந்தேகம் உள்ள 17,187 பேர். ஒரு மாதம் தினமும் 160 மில்லிகிராம் அஸ்பிரின், ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, இரண்டும், எதுவும் இல்லை என்று நான்கு வகை. ஐந்து வாரத்தில் இருதய, இரத்தக்குழாய் மரணங்களை அஸ்பிரின் 23 விழுக்காடும் ஊசி 25 விழுக்காடும் குறைத்தன. இரண்டும் சேர்ந்தபோது 42. அந்த ஆய்வாளர்கள் நம் வாசகர்களுக்கு எளிதில் புரியும் ஒன்றையும் செய்தார்கள். நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரின் பலன் தரவில்லை என்பதுபோல் கணக்கு வந்தது! ஒரு பெரிய ஆய்வைச் சின்னச் சின்னக் கூறாக வெட்டினால் இப்படிப் பொய்க்கணக்கு வரும் என்று எச்சரிக்கவே அதை அச்சிட்டார்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் ‘புதிய ஆராய்ச்சி’களைப் படிக்கும்போது அந்த மிதுனத்தையும் துலாத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாரடைப்பு வந்தவருக்கு உயிர்காக்கும் இதே அஸ்பிரினை, எந்த இருதய நோயும் இல்லாத முதியவர்கள் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தினமும் போடுவது வேறு கதை. 19,114 முதியவர்களிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் தினம் 100 மில்லிகிராமால் நன்மை தெரியவில்லை, இரத்தக்கசிவுதான் கூடியது.

இனி யோசிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் விடுகிறது, பல மாதமாக இதே அளவில்தான் இருக்கிறது. இது நிலையான ஆஞ்சைனா. ஆஞ்சியோ செய்து ‘80 விழுக்காடு அடைப்பு’ என்று படத்தில் காட்டியதும் குடும்பமே நடுங்கிப்போகிறது. குழாயை அகலப்படுத்தினால் மாரடைப்பு வராது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பரிசோதித்துப் பார்த்தபோது அப்படி வரவில்லை. 2007இல் கரேஜ் ஆய்வில் 2287 பேரிடம், நல்ல மருந்தோடு ஸ்டென்ட் சேர்த்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. 37 நாடுகளில் 5179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளிவந்தது. பரிசோதனையில் இரத்தக் குறைவு கணிசமாகத் தெரிந்தவர்கள்தான் அதில் இருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்த பிரிவில் 145 பேர் இறந்தார்கள். மருந்தோடு தொடங்கிய பிரிவில் 144.

காரணம் புரிந்தால் பயம் தணியும். மாரடைப்பு என்பது குழாய் மெல்ல மெல்ல மூடிக்கொள்வது அல்ல. குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்த ஒரு மேடு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து சில நிமிடத்தில் அடைப்பது. வெடிக்கப்போகும் மேடு படத்தில் பெரிதாகத் தெரியும் அந்த 80 விழுக்காட்டு இடமாகத்தான் இருக்கும் என்றில்லை. 40 விழுக்காட்டு மேடாகவும் இருக்கலாம். ஸ்டென்ட் ஒரு இடத்தைத் திறக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எல்லாக் குழாயிலும் உள்ள எல்லா மேட்டையும் உறுதியாக்கும்.

அப்படியானால் ஸ்டென்ட் வீணா? இல்லை. பாரம் குறைகிறது. இஸ்கீமியா ஆய்வில் தினமுமோ வாரந்தோறுமோ ஆஞ்சைனா இருந்தவர்களில் ஓராண்டு கழித்து அது முற்றிலும் நின்றவர்கள், ஸ்டென்டோ பைபாஸோ செய்த பிரிவில் பாதிப்பேர், மருந்துப் பிரிவில் ஐந்தில் ஒருவர். இதிலும் எவ்வளவு மனநம்பிக்கை, எவ்வளவு ஸ்டென்ட் என்று பிரித்துப் பார்க்க இங்கிலாந்தில் ஆர்பிட்டா ஆய்வு நடந்தது. 200 பேரை மயக்கத்தில் படுக்கவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 105 பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். 95 பேருக்கு வைத்ததுபோலப் பாவனை மட்டும். ஆறு வாரம் கழித்து ஓட்டப் பரிசோதனையில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் 16.6 விநாடி, தற்செயலென்றே கொள்ளத்தக்கது. அவர்கள் அனைவரும் ஏற்கெனவே நிறைய மருந்தில் இருந்தவர்கள். 2023இல் வந்த இரண்டாவது ஆர்பிட்டா ஆய்வில் ஆஞ்சைனா மருந்துகளை நிறுத்தியபின் 301 பேரிடம் அதையே செய்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பாரம் தெளிவாகக் குறைந்தது. மருந்தால் அடங்காத, அல்லது மருந்து ஒத்துக்கொள்ளாத ஆஞ்சைனாவுக்கு ஸ்டென்ட் நல்ல வைத்தியம். உயிரைக் கூட்டும் என்ற பெயரில் விற்கப்படும்போதுதான் எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்த ஆய்வுகள் யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லாமல் விட்டால் தப்பு. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள், இருதயத்தின் இறைக்கும் திறன் 35 விழுக்காட்டுக்குக் கீழே போனவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நாளுக்கு நாள் கூடிவரும் பாரம் உள்ளவர்கள் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ‘ஸ்டென்ட் வேண்டாம்னு பேப்பர்ல போட்டிருக்கான்’ என்று இவர்கள் யாரும் வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்வி போதும். என் அடைப்பு எந்தக் குழாயில்? இருதயம் எத்தனை விழுக்காடு இறைக்கிறது? மருந்தோடு மூன்று மாதம் பார்த்தால் என்ன ஆபத்து?

பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக. இருதயப் பரிசோதனைத் தொகுப்பு விளம்பரங்களில் வரும் டிரெட்மில் ஓட்டம், நோய் உள்ளவரை நார்மல் என்றும் இல்லாதவரை நோயாளி என்றும் காட்டுவது அரிதல்ல. இருதயத் துடிப்பு 220இலிருந்து வயதைக் கழித்த எண்ணில் 85 விழுக்காட்டை எட்டாமல் களைத்து இறங்கிவிட்டால், ‘மாற்றமில்லை’ என்ற முடிவுக்குப் பொருளே இல்லை. சந்தேகத்துக்குரிய பாரம் உள்ளவருக்கு இன்று முன்னே நிற்பது சிடி ஆஞ்சியோ, அதாவது சிடி ஸ்கேன் கருவியில் எடுக்கும் இருதய இரத்தக்குழாய்ப் படம். ஸ்காட்லாந்தில் 4146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான பரிசோதனையோடு சிடியும் செய்தவர்களில் ஐந்தாண்டில் மாரடைப்போ இருதய மரணமோ 2.3 விழுக்காடு, செய்யாதவர்களில் 3.9. படத்தைப் பார்த்துச் சரியானவருக்குத் தடுப்பு மருந்து தொடங்கியதுதான் அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம். சிடிக்குப் போகும்போது துடிப்பு நிமிடத்துக்கு 60, 65க்குள் இருந்தால்தான் படம் தெளிவாக வரும். அதற்கு முன்கூட்டி மாத்திரை தருவார்கள். அன்று காலை தே தாரிக்கும் கோப்பியும் வேண்டாம். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, அயோடின் ஒவ்வாமை இருந்தால் தேதி குறிக்கும்போதே சொல்ல வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவருக்குத் தொகுப்போடு தொகுப்பாக இதை எடுப்பது தேவையற்ற கதிர்வீச்சும் செலவும்.

மருந்தை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு. ஸ்டென்ட் வைத்தபின் அஸ்பிரினோடு தரும் இரண்டாவது மாத்திரையை (குளோபிடோகிரெல் அல்லது டிகாகிரெலோர்) பல் பிடுங்கவோ மொட்டையடித்து நேர்த்திக்கடன் செலுத்தவோ தானாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையும். மாரடைப்புக்குப் பின் வழக்கமாக ஓராண்டு அது வேண்டும். ஸ்டாட்டினை ‘கை கால் வலிக்குது’ என்று நிறுத்துவோர் அதைவிட அதிகம். 2020இல் வந்த சாம்சன் ஆய்வில், அப்படி நிறுத்திய 60 பேருக்கு 12 புட்டிகள் கொடுத்தார்கள்: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தில்லா மாத்திரை, நான்கு காலி. எது எதுவென்று தெரியாமல் மாதம் ஒன்றாக எடுத்து, தினமும் உபாதையைக் குறித்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் வந்த கூடுதல் உபாதையில் 90 விழுக்காடு மருந்தில்லா மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்பதல்ல இதன் பொருள். வலி உண்மை, காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல. இதைக் கண்ணால் பார்த்தபின் பாதிப்பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினார்கள். மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) லிட்டருக்கு 1.4 மில்லிமோலுக்குக் கீழே வர வேண்டும். அது ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் மட்டும் வராது, ஏனென்றால் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 6 விழுக்காடுதான் கூடுதலாகக் குறையும். எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையை 10 மில்லிகிராம் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அடுத்த முறை கிளினிக் கார்டில் உங்கள் எண்ணைப் பார்த்து, எட்டவில்லை என்றால் இதைக் கேளுங்கள்.

கடைசியாக, ஆராய்ச்சியில் சேரச் சொல்லி யாராவது கேட்டால். மேலே சொன்ன எண்களெல்லாம் முகம் தெரியாத நோயாளிகள் கையெழுத்திட்டதால் கிடைத்தவை. அவற்றில் நம்மைப் போன்றவர்கள் குறைவு. இளவயதில் நம்மைத் தாக்கும் நோய்க்கு, நம் உடலில் பார்க்காத மருந்தளவுகளை நம்பியிருக்கிறோம். நம் மருத்துவமனைகளில் ஆய்வு நடத்த நெறிமுறைக் குழு ஒப்புதல் கட்டாயம். ‘எலியாக்கப் பார்க்கிறார்கள்’ என்ற அச்சத்துக்குத் தகவல் ஏடுகளின் தமிழும் ஒரு காரணம். ‘சீரற்ற ஒதுக்கீடு’ என்று எழுதினால் என்னவோ சீர்கெட்டதுபோல் படுகிறது. ‘சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல்’ என்றால் பாட்டிக்கும் புரியும். ‘மருந்துப்போலி’யைப் போலி மருந்து என்று படிக்கிறார்கள், ‘மருந்தில்லா மாத்திரை’ என்று எழுதலாமே. ஆய்வு நடத்துவோர் இதைத் திருத்தித் தர வேண்டும். கையெழுத்துப் போடுமுன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். எந்த வைத்தியத்தோடு எதை ஒப்பிடுகிறார்கள், கூடுதல் இரத்தப் பரிசோதனை எத்தனை, போக்குவரத்துச் செலவு யாருடையது, பக்கவிளைவு வந்தால் இரவில் யாரை அழைப்பது என்பதைக் கேட்டு, பதிலை ஏட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான வைத்தியம் அதனால் நிற்காது. கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இருதய நோய்ப் பிரிவில் பணிபுரியும் வாசகர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு